வெள்ளைக்கார மிஸ்ஸும் சித்தப்பாவின் சைக்கிளும்

அந்தக் கசெற் எங்கள் கைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே அதன் புகழ் வந்து சேர்ந்துவிட்டது. அதற்குள் ஒரு வெள்ளைக்கார மிஸ் இருக்கிறார், அவர் வாயைத் திறந்தால் அசல் இங்கிலீஷ் வரும், அவரைப் போலவே சொல்லுகிற பிள்ளைக்குத்தான் கேடயம். இவ்வளவும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று, கசெற்றை எதில் போட்டுக் கேட்பது என்பதுதான். யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பற்றறி என்ற சாமானைக் கடைகளில் கண்டவர்கள் இல்லை.

எங்களுடையது ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், பழைய மாணவிகள் சங்கத்தில் நானும் ஒரு அங்கத்தவர். வெள்ளைக்காரர் கட்டின மாடிக் கட்டடம், வெள்ளைக்காரர் தொங்கவிட்ட மணி, வெள்ளைக்காரப் பெண்மணிகள் நால்வரின் பெயரில் நாலு இல்லங்கள். விளையாட்டுப் போட்டி வந்தால் அந்தப் பெயர்களைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவோம். யார் அந்தப் பெண்மணிகள், எங்களுக்கு என்ன செய்தார்கள் என்று ஒருத்திக்கும் தெரியாது. தெரியவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. மேடையேறி ஓர் ஆங்கிலப் பாட்டை மனப்பாடமாகச் சொல்லுகிற, அவர்கள் தொடங்கிவைத்த பாவோதல் போட்டி மட்டும் ஒரு வருடமும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. குளிக்கச் சவர்க்காரம் இல்லை, விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை, எழுதுவதற்குக் கொப்பி இல்லை. போட்டி இருந்தது.

நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிது. எங்கள் வீடு தெல்லிப்பழைக்கு வடக்கே. ஷெல் விழத் தொடங்கியதும், இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு பையோடு வந்தவர்கள் நாங்கள். அந்த இரண்டு நாள் நல்லூரில் ஒரு வீட்டின் பின் அறையில் இரண்டு வருடமாக நீண்டுவிட்டது. பெரியவர்களுக்கு அது எப்படி இருந்ததோ, எனக்கென்றால் ஒரே புளுகம், சந்தோஷத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. வாசலைத் தாண்டினால் கடை, ஒழுங்கைக்கு ஒரு ரியூசன் கொட்டில், எந்நேரமும் சைக்கிள் மணி. ஊரில் இவ்வளவு சனத்தை நான் தேர்த் திருவிழாவில்கூடக் கண்டதில்லை.

அப்பா தபால் கந்தோரில் கிளாக்கர். தந்திகளை வாசித்து வாசித்தே இங்கிலீஷ் படித்தவர். என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சேர்க்கப் போன அன்று அதிபர் அம்மா என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நான் தலையை நிமிர்த்தி, நல்ல சத்தமாக, “யெஸ்” என்றேன். அவர் கேட்டது என் பெயரை. அதோடு என்னைச் சீ பிரிவில் போட்டார்கள்.

ஏ பிரிவு மாடியில் இருந்தது. பச்சை யன்னல்கள், நீளமான விறாந்தை, ஆளுக்கொரு கதிரை. சீ பிரிவு மதிலோரத்தில் ஓர் ஓலைக் கொட்டில். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான், வாங்குக்கு ஆறு பேராக நெருக்கிக்கொண்டு இருந்தோம். இங்கிலீஷ் வந்தால் பிறகு பார்ப்போம் என்று அதிபர் அம்மா அப்பாவிடம் சொன்னார். வீடு, காணி, மாடு என்று எல்லாவற்றையும் விட்டு வந்தபோதுகூட வழிநெடுகக் கதைத்துக்கொண்டு வந்த அப்பா, அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலிலிருந்து நல்லூர் வரை வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு நான்தான் காரணம் என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

ஆறாம் வகுப்புப் பாவோதலில் முதலாவதாக வருகிற பிள்ளையை ஏ பிரிவுக்கு ஏற்றிவிடுவது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியும் வெல்ல வேண்டும். மாடிப் படியில் நான் ஏறுவதை அப்பா கீழே நின்று பார்க்க வேண்டும்.

பாவோதல் பழக்கியவர் எங்கள் இங்கிலீஷ் ரீச்சர். அவரிடம் ஒரு முறை இருந்தது. இங்கிலீஷ் சொல்லும்போது வாய் இரண்டு விரல் அகலத்துக்குத் திறக்க வேண்டும். வாங்கு வாங்காக வந்து, சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து எங்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார். அந்த விரல்களில் எப்போதும் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டி மணக்கும். அவருடைய ரீச்சர் அவருக்கு அப்படித்தான் செய்தாராம். அந்த ரீச்சருக்கு வெள்ளைக்கார மிஸ் செய்தாராம். பாட்டின் கருத்து என்ன என்று சீ பிரிவில் ஒருத்தி எழும்பிக் கேட்டாள்.

“கருத்துப் பிறகு. முதல்லை வாய்,” என்றார் ரீச்சர்.

மிஸ் ஊருக்குத் திரும்புவதற்கு முன் தன் குரலில் பதிந்து கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தக் கசெற். எல்லாரும் சொல்ல வேண்டியது ஒரே பாட்டு. ஆளுக்கு ஒரு நாள் என்று ரீச்சர் பட்டியல் போட்டிருந்தார். என் முறை போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாக வந்தது. கசெற்றைக் கைலேஞ்சியில் சுற்றி, சட்டைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

சித்தப்பா ஆயத்தமாக நின்றார். அவர் அப்பாவின் கடைசித் தம்பி. பல்கலைக்கழகத்தில் படித்தவர், பூட்டிக்கிடந்த கம்பஸ் எப்போது திறக்கும் என்று காத்திருந்தார். அதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லாததால் ஊரிலுள்ள எந்தப் பழுதான சாமானையும் கழற்றிப் பூட்டுவார். கழற்றும்போது இருந்ததைவிடப் பூட்டும்போது ஒன்றிரண்டு ஆணி மிஞ்சும். வீட்டுக்கார அன்ரியிடம் கெஞ்சி கசெற் போடுகிற றேடியோவை வாங்கி வைத்திருந்தார். அப்பாவுக்கு ஒரு சொல்லும் தெரியக்கூடாது, போட்டியன்று சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிக்கொண்டுபோய் மண்டபத்தில் இருத்த வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் இடையில் ஒப்பந்தம்.

கிணற்றடியில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். டைனமோவைப் பின் சில்லில் அமர்த்தினார். அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவில் கொழுவினார். பெடலைக் கையால் பிடித்துச் சுழற்றினார். சில்லு இரைந்தது, சிவப்பு வெளிச்சம் ஒன்று மினுங்கியது, வெள்ளைக்கார மிஸ் வாய் திறந்தார். அம்மா கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தார். நான் துள்ளினேன். இங்கிலாந்தோ அமெரிக்காவோ, எங்கேயோ இருந்து ஒரு பெண் எங்கள் கிணற்றடிக்கு வந்துவிட்டார்.

பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. சித்தப்பா வேகமாகச் சுற்றினால் மிஸ் வேகமாகக் கதைக்கிறார். மெதுவாகச் சுற்றினால் மெதுவாகக் கதைக்கிறார். எந்த வேகம் சரியான வேகம்? எங்கள் வீட்டில் ஒருவரும் அந்த மிஸ்ஸை நேரில் கேட்டதில்லை. வெள்ளைக்காரர் அவசரக்காரர், கடகடவென்றுதான் கதைப்பார்கள் என்றார் சித்தப்பா. கோயிலில் வேதம் வாசிக்கிற மாதிரி ஆறுதலாகத்தான் கதைப்பார்கள் என்றார் வீட்டுக்கார அன்ரி. அவர் வேதக்காரர், பைபிள் வாசிக்கிறவர், அவருக்குத் தெரியும் என்றார் அம்மா. வாக்குவாதம் முற்றிக்கொண்டு போனது. கடைசியில் சுற்றுகிறவரின் கை என்ன வேகத்தில் போகிறதோ அதுதான் வேகம் என்று முடிந்தது.

சித்தப்பாவின் கை முதல் பகுதியில் பறந்தது. நடுவில் களைத்தது. அந்த இடத்தில் மிஸ்ஸின் குரல் தாழ்ந்து, தடித்து, இழுபட்டு, ஓர் ஆம்பிளையின் குரலாகியது. பிறகு அவர் இடது கைக்கு மாறுவார். மிஸ்ஸுக்கும் மறுபடி உசார் வந்துவிடும். பாட்டு முடிந்ததும் நான் பென்சிலை விட்டுக் கசெற்றைத் திருப்பிச் சுற்றுவேன். அதற்கிடையில் சித்தப்பா கையை உதறி ஆறிக்கொள்வார். அதனால் ஒவ்வொரு முறையும் அவருடைய கை அதே இடத்தில்தான் களைத்தது. நான் எல்லாச் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதி, அந்தப் பகுதிக்கு நேரே ‘மெல்லமாக, தடித்த குரலில்’ என்று குறித்துக்கொண்டேன்.

எதற்கும் ஒருமுறை கேட்டேன், ஏன் மிஸ் அந்த இடத்தில் மட்டும் இப்படி மாறுகிறார் என்று. தன் கை ஓய்ந்துபோனது என்று சித்தப்பா ஒப்புக்கொள்வாரா?

“அதுதான் பிள்ளை உணர்ச்சி. வெள்ளைக்காரர் உணர்ச்சி வந்தால் குரலைத் தாழ்த்துவினம்,” என்றார்.

நான் நம்பினேன். அம்மாவும் நம்பினார். இருபது தரத்துக்கு மேல் கேட்டிருப்பேன். ஐந்தரைக்கு அப்பாவின் சைக்கிள் மணி ஒழுங்கையில் கேட்டதும் சித்தப்பா ஒரே இழுவையில் வயர்களைப் பிடுங்கினார். நான் கசெற்றோடு அறைக்குள் பாய்ந்தேன். அப்பா வந்து பார்த்தபோது சித்தப்பா சில்லுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். விட்டது தேங்காய் எண்ணெய் என்பதை அப்பா கவனிக்கவில்லை.

போட்டியன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. மேடைக்கு முன்னால் மூன்று நடுவர்கள். நடுவில் இருந்த தலைமை நடுவர் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர், வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி. அந்த வெள்ளைக்கார மிஸ்ஸிடமே நேரில் படித்தவர் அவர். அவரைக் கண்டதும் எங்கள் இங்கிலீஷ் ரீச்சரே சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

மற்ற வீடுகளிலும் சைக்கிள் டைனமோதான். முதலில் ஏறியவளுக்குப் பெடல் சுற்றியது அவளுடைய அண்ணை, உதைபந்தாட்டக்காரன். பள்ளிக்கூடமே அறிந்த பலசாலி. அவள் மூச்சு விடாமல், கீச்சுக் குரலில், எங்களுக்குக் கண் இமைக்க நேரம் தராமல் பாட்டை முடித்துவிட்டுக் கும்பிட்டாள். அடுத்தவளுக்குப் பெடலைச் சுற்றியவர் ஆஸ்துமாக்கார மாமா. அவள் ஒரு சொல்லை எடுத்து, அதை இழுத்து, அடுத்த சொல்லுக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கிறவள் போல நின்று நின்று சொன்னாள். பாதிப் பாட்டில் நேரம் முடிந்து மணி அடித்தது. மூன்றாமவள் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம் போட்டாள். அவர்கள் வீட்டுச் சைக்கிளில் செயின் தளர்ந்திருந்ததாம். சபையில் முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு சிரிப்பு, பிறகு அடக்க முடியாத சிரிப்பு. ஒரே மிஸ், ஒரே பாட்டு, ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கையும் அவரை ஒவ்வொரு விதமாய் ஆக்கிவைத்திருந்தது. இங்கிலீஷ் ரீச்சர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு இருந்தார். டொக்டர் வீட்டுப் பிள்ளை மட்டும் சீராக, அளவாக, அழகாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் கார் பற்றறி இருந்தது.

அவள் முடித்ததும் கேடயம் அவளுக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவள் நடுப்பகுதியில் குரலைத் தாழ்த்தவேயில்லை. ஐயோ பாவம், உணர்ச்சியை விட்டுவிட்டாள் என்று எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பிளேன் வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் பங்கர். நடுவர்கள், ரீச்சர்மார், பிள்ளைகள் என்று எல்லாரும் இறங்கி ஒட்டிக்கொண்டு இருந்தோம். மேலே இரைச்சல், கீழே இன்னும் முறை வராதவர்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் குந்தியிருந்த தலைமை நடுவர் என் முதுகைத் தட்டி, நிமிர்ந்து இருந்து சொன்னால்தான் குரல் வரும் என்றார். பிளேன் எங்கேயோ தூரத்தில் குண்டைப் போட்டுவிட்டுப் போனது. நாங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பினோம். அடுத்த பெயர் என்னுடையது.

மேடைப் படியில் கால் வைத்தபோதுதான் சித்தப்பா அப்பாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பின் வாசலால் வந்தார். அப்பா ஒன்றும் விளங்காமல் கடைசி வாங்கில் இருந்தார். பிறகு மேடையில் என்னைக் கண்டார். அவருடைய முகம் மலர்ந்ததை அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டேன்.

தொடங்கினேன். முதல் பகுதி பறந்தது. சபை மறுபடி சிரிக்கத் தொடங்கியது. நான் விடவில்லை. நடுப்பகுதி வந்தது. குரலைத் தாழ்த்தினேன், தடிப்பாக்கினேன், ஒவ்வொரு சொல்லாக இழுத்து வைத்தேன். முன் வரிசையில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தலைமை நடுவர் கையை உயர்த்தினார். சிரிப்பு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

அப்போதுதான் அப்பா எழும்பினார். வாங்கில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு, மண்டபத்தை விட்டு வெளியே போனார்.

என் இங்கிலீஷைக் கேட்க வெட்கப்பட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? அதிபர் அம்மாவின் அறைக்குள் நான் “யெஸ்” என்ற நாள்தான் ஞாபகம் வந்தது. அந்த இடத்திலேயே அழுதுவிட்டிருப்பேன். ஆனால் சித்தப்பாவின் இடது கை வேலை தொடங்குகிற இடம் வந்துவிட்டது. உசாராகச் சொல்ல வேண்டும். கண்ணில் நீரோடு உசாராகச் சொல்லி முடித்துக் கும்பிட்டேன்.

தலைமை நடுவர் என்னைப் போகவிடவில்லை. தமிழிலேயே கேட்டார்.

“உமக்கு எந்த இடம் பிள்ளை?”

“தெல்லிப்பழைக்கு அங்காலை, ரீச்சர்.”

“வீடு?”

“கிடக்குது ரீச்சர். பூட்டிப்போட்டு வந்தனாங்கள்.”

அவர் குனிந்து தாளில் ஏதோ எழுதினார். மற்றப் பிள்ளைகளிடம் அவர் ஊர் கேட்கவில்லை. ஊருக்கும் புள்ளி உண்டு போல என்று எண்ணி, தெல்லிப்பழைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கவலைப்பட்டேன்.

முடிவை வாசித்தார்கள். டொக்டர் வீட்டுப் பிள்ளை இரண்டாமிடம். உச்சரிப்பு மிகத் திறம், ஆனால் உணர்ச்சி போதாது என்றார் தலைமை நடுவர். முதலாமிடத்துக்கு என் பெயர். சித்தப்பா வாங்கின் மேல் ஏறி நின்று கை தட்டினார். டொக்டர் வீட்டுப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. கேடயம் என் நெஞ்சளவு பெரிது, நல்ல கனம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

அப்பா சைக்கிள்கள் நிறுத்தியிருந்த வேப்பமரத்தடியில் நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சைக்கிள் சீற்றைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார். சீற்றில் தூசி ஒன்றும் இருக்கவில்லை.

“அப்பா, நான் ஏ பிரிவு!”

திரும்பினார். கேடயத்தைப் பார்க்கவில்லை.

“அந்தப் பாட்டை விளங்கியோ சொன்னனீ?”

உண்மையைச் சொன்னால் கேடயத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயம். “ஓம் அப்பா,” என்றேன்.

அப்பா என் தலையில் கை வைத்தார். பிறகு என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிவிட்டு, தான் ஏறாமல், அதை உருட்டிக்கொண்டு நல்லூர் வரை நடந்து வந்தார். வழியில் கண்ட எல்லாருக்கும் நான்தான் கேடயத்தைத் தூக்கிக் காட்டினேன்.

திங்கட்கிழமை மாடிப்படி ஏறினேன். எத்தனை படி என்று எண்ணி வந்து அம்மாவிடம் சொன்னேன். ஏ பிரிவிலும் ஒருவரும் அந்தப் பாட்டின் கருத்தைக் கேட்கவில்லை. எனக்கே அது தெரியவர இன்னும் ஆறேழு வருடம் பிடித்தது. நெஞ்சிலிருந்த ஒலிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அகராதியில் தேடி, சொல் சொல்லாகக் கண்டுபிடித்தேன்.

ஒரு சின்னப் பிள்ளை தன் வீட்டோடு கதைக்கிறது. உன்னைப் பூட்டிவிட்டுப் போகிறோம் என்று கோபிக்காதே, கொஞ்ச நாளைக்குத்தான். முற்றத்து அப்பிள் மரத்தைப் பார்த்துக்கொள். பூனை வந்தால் உள்ளே விடு. பனி கரைவதற்கு முதல் வந்துவிடுவோம். அந்த நடுப்பகுதியில், சித்தப்பாவின் வலது கை ஓய்ந்துபோன இடத்தில், பிள்ளை கேட்கிறது: வேறு யாராவது வந்து கதவைத் தட்டினால், நாங்கள் இன்னும் உள்ளே இருக்கிறோம் என்று சொல்வாயா?

ஆனால் போட்டி முடிந்த அந்த நாட்களில், எனக்கு ஒன்றும் விளங்காத காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ச்சனம் நாலைந்து பேர் அந்தப் பின் அறைக்கு அப்பாவைத் தேடி வருவார்கள். எல்லாரும் எங்களைப் போலப் பூட்டிவிட்டு வந்தவர்கள், ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. தேத்தண்ணி குடித்துக் கதை ஓய்ந்ததும் அப்பா என்னைக் கூப்பிடுவார். “பிள்ளை, அதை ஒருக்கால் சொல்லு.” நான் முதலிலிருந்து ஆயத்தமாவேன். அவர் தலையை ஆட்டி, “அந்த மெதுவாய்ப் போற இடத்திலையிருந்து,” என்பார். நான் எழும்பி நின்று, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொல்வேன். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பார். முடிந்ததும் இன்னொருக்கால் என்பார். அப்பாவுக்கு என்ரை இங்கிலீஷ் என்றால் உயிர் என்று நான் ஏ பிரிவு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.